ஓடாத படத்தின் டப்பாவில்

ஒரு சிடியைத் திருப்பிப் பார்த்ததுமே அது எந்த ஏரியாவுக்குப் போய்விட்டு வந்திருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியும். பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் வாடகை சிடிக் கடையில் உட்கார்ந்து துடைத்துத் துடைத்து வந்த பழக்கம். எங்கள் சிங்காநல்லூர் சிடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், ஷிப்டு முடிந்து வந்த மில்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டே படத்தை மாற்றுவார்கள், லுங்கியில் கையைத் துடைத்த சூட்டோடு சிடியையும் துடைப்பார்கள், வட்ட வட்டமாகக் கீறல் விழும். டவுன்ஹால் பக்கத்து நகைப் பட்டறைகளுக்குப் போய்வந்தது என்றால் நடுவில் ஒரு ரேகை இருக்காது, ஓரத்தில் மட்டும் கரி படிந்த இரண்டு விரல், எதையும் ஓரத்தில் பிடித்தே பழகிய ஆட்கள். ஆர்.எஸ்.புரத்து சேட்டு வீடுகளிலிருந்து வருவது கண்ணாடி மாதிரி வரும், டப்பாவைத் திறந்தால் ஊதுபத்தி மணக்கும். சாய்பாபா காலனி சிடியில் ஊசி போடும் முன்னால் தேய்ப்பார்களே, அந்த ஸ்பிரிட் வாசம், அங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நர்சுகள் ஹாஸ்டல் இருக்கிறது. இவ்வளவும் தெரிந்து என்ன பிரயோசனம், என் கல்யாண சிடி இந்நேரம் எந்த வாசத்தோடு எந்த வீட்டில் கிடக்கிறதோ, யார் லுங்கியில் துடைபடுகிறதோ. தேனு, கம்பியை நக்காதே சாமி, ஊரெல்லாம் பிடித்த கம்பி அது.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்ததே இன்றைக்கு ஒரு நல்லது. மடியில் மகள் தேனு, இரண்டு கால்களுக்கும் நடுவில் துணிக்கடைக் கட்டைப்பை, பை நிறைய எங்கள் கடையில் ஓடாத படங்கள். வாரத்துக்கு ஒரு தடவை இந்தப் பை போகும், வேறொரு பை வரும். எங்களிடம் தூசி படிந்து கிடப்பதை சாய்பாபா காலனி ரெஜினா அக்கா கடைக்குக் கொடுப்போம், அவர்களிடம் தூசி படிந்ததை நாங்கள் வாங்கி வருவோம், இரண்டு கடையிலும் புதுப் படம் வந்த மாதிரி இருக்கும். எப்போதும் என் வீட்டுக்காரர் வண்டியில் வைத்துக்கொண்டு போவார். இன்றைக்கு நான் போகிறேன் என்றதும், "ஏன் புள்ள, பாப்பாவைத் தூக்கிட்டு இந்த வெயில்ல?" என்றார். "ரெஜினா அக்காவைப் பார்த்து ரொம்ப நாளாச்சுங்க" என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். என் முகத்தில் பொய் நிற்காது, வழுக்கிவிடும் என்பார் எப்போதும். ஆனால் கடைக்கு ஆள் வந்துவிட்டது, தப்பித்தேன். அண்ணன் நாளைக்குக் காலையில் சவுதியிலிருந்து வந்து இறங்குகிறான். நேற்றுப் போனில் அவன் பிரியாணி கேட்கவில்லை, கோயில் குளம் கேட்கவில்லை. "அம்மிணி, நேரா உன்ர வீட்டுக்குத்தான் வருவேன். உன் பக்கத்துல உட்கார்ந்து உன் கண்ணாலத்தைப் பார்க்கோணும். சிடியைத் துடைச்சு வை" என்றான். துடைத்து வைக்கலாம் என்று கையை நீட்டினால் கடை அலமாரியில் அந்த டப்பா இருந்த இடம் வெறும் இடமாக இருக்கிறது.

எல்லாம் நான் செய்த கெட்டிக்காரத்தனம். கல்யாண சிடி வந்தபோது சிவப்பு வெல்வெட் வைத்த பெட்டியில்தான் வந்தது. தேனுவுக்குப் பல் முளைத்தபோது அந்த வெல்வெட்டைத்தான் கடித்துக் குதறினாள். சிடிக்கும் பல் பட்டுவிடுமோ என்று பயந்து நல்ல இடமாக யோசித்தேன். ஊரில் நகையை அரிசிக்குள் புதைத்து வைப்போம் இல்லையா, எந்தத் திருடன் வந்து அரிசியை அள்ளப் போகிறான் என்று, அதே புத்திதான். எங்கள் கடையில் ஒரு மலையாளப் படம், அட்டையில் தாடிக்காரர் ஒருவர் தோணியில் தனியாக உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். அவார்டு வாங்கிய படமாம். சிங்காநல்லூரில் ஒரு ஆள் அதைக் கையில் தொட்டதில்லை. "அந்தாளு எந்திரிச்சு யாரையாவது அடிப்பாரா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். உள்ளேயிருந்த படமும் ஓரம் உடைந்து எப்போதோ செத்துப்போனது, வெறும் டப்பா. இதைவிடப் பத்திரமான பெட்டகம் கோயமுத்தூரில் கிடையாது என்று என் கல்யாணத்தை அந்தத் தாடிக்காரருக்குள் போட்டு மூடி மேல் தட்டில் வைத்தேன். யாரும் தொட மாட்டார்கள் என்று நான் எதனால் வைத்தேனோ, அதே காரணத்தால்தான் என் வீட்டுக்காரர் எடுத்திருக்கிறார். ஓடாத படத்தைத்தானே பையில் போட வேண்டும். அவர் மேல் கோபப்பட முடியுமா சொல்லுங்கள். அவர் வேலையை அவர் சரியாகச் செய்திருக்கிறார். "அந்தத் தாடிக்காரரு எங்கீங்க?" என்று பட்டும் படாமல் கேட்டதற்கு, "அதா, மூணு வாரம் ஆச்சே ரெஜினாகிட்ட போயி. அது அங்கதான் ஓடும், கேரளாக்காரங்க இருக்காங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார். உள்ளே என்ன இருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன், பையை நானே தூக்கினேன்.

ராமநாதபுரம் வந்துவிட்டது. இங்கே ஒரு கடை இருக்கிறது, அங்கே பேய்ப் படம்தான் ராஜா. வாடகைக்குத் தங்கிப் படிக்கிற பையன்கள் கூட்டமாக வந்து எடுப்பார்கள், தனியாகப் பார்க்கத் தைரியம் இருக்காது. எங்கள் பக்கம் பெண்களுக்குத் தங்கச்சி படம். அண்ணன் வெயிலில் காய்ந்து தங்கையைக் கரையேற்றிவிட்டுக் கடைசியில் செத்துப்போவான், தங்கை மண்ணில் புரண்டு அழுவாள். லைன் வீட்டு அக்காமார் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து, "இன்னொண்ணு இந்த மாதிரியே குடு கண்ணு" என்பார்கள். அதே படம் சாய்பாபா காலனியில் ரெஜினா அக்கா கடையில் பிளாஸ்டிக் கவர்கூடக் கிழியாமல் திரும்பி வரும். அண்ணனுக்கு இந்தப் படங்களைக் கண்டாலே ஆகாது. சின்னதில் ஊர்க் கொட்டகையில் நான் அழுதுகொண்டிருக்கும்போது என் காதில், "ஏன், அண்ணன்னா கடைசியில செத்துத்தான் ஆகோணுமா? ஒரு டீ குடிச்சுட்டு வீட்டுக்குப் போகக்கூடாதா?" என்பான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும். அப்புறம் அவனே ஒரு தங்கச்சி படத்து அண்ணனாகிப் போனான். பாலைவனத்தில் டிரெய்லர் லாரி ஓட்டி அனுப்பிய பணத்தில்தான் என் கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. அப்புறமும் லீவு தள்ளித் தள்ளிப் போய், இதோ, என் மகள் பஸ் கம்பியை நக்குகிற வயசில் வருகிறான். சிடியை ஆள் மூலமாக அனுப்புகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டான். "ரூம்ல எட்டுப் பேரு. நீ தலையைக் குனிஞ்சுட்டு நிக்கறதை எட்டுப் பேரோட நான் பார்க்க மாட்டேன். வந்து உன்னோட பார்த்துக்கறேன்." அப்படிச் சேர்த்து வைத்திருக்கிறான் அதை, தீபாவளிப் பலகாரத்தில் பிடித்த ஒன்றைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கிற மாதிரி. அந்தத் தட்டில் கைவைத்துவிட்டு நான் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன்.

வேறு பிரதி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஸ்டுடியோக்காரர் எங்கள் டேப்பின் மேலேயே வேறு யாருடைய காதுகுத்தையோ ஏற்றிவிட்டார். அம்மா வீட்டில் ஒன்று இருந்தது, அதை அப்பா மயிலுக்குக் கட்டிவிட்டார். சோளக்காட்டில் மயில் இறங்காமல் இருக்கப் பழைய சிடிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள், வெயிலுக்குப் பளீர் பளீர் என்று அடிக்கும். நான் ஊருக்குப் போனபோது காட்டில் காற்றுக்குச் சுற்றிக்கொண்டிருந்த ஒன்றில், அம்மா வீட்டுப் பிரதிக்கென்று நானே பேனாவால் எழுதிக் கொடுத்த என் பெயரும் அவர் பெயரும் இருந்ததைப் பார்த்தேன். "ஏப்பா!" என்றேன். "நல்லா வெளிச்சம் அடிக்குது கண்ணு, மத்ததைவிட" என்றார். சிரிப்பதா அழுவதா. சரி, எங்களிடம் ஒன்று இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். சுங்கம் ஸ்டாப்பில் பஸ்ஸை ஏன் இவ்வளவு நேரம் நிறுத்துகிறான். அந்த சிடியில் நான் எப்படி இருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன், நினைவில் ஒன்றுமே வரவில்லை. ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் ஓட்டி ஓட்டி, என் சேலை மடிப்பு சரியாக இருக்கிறதா, மூக்குத்தி தெரிகிறதா, யார் யார் வந்தார்கள் என்று. தாலி கட்டும்போது அழுதிருப்பேன், மூக்கு ஒழுகியிருக்கும், அந்த மூக்கை முன்பின் தெரியாத யாரோ வீட்டில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டே பார்ப்பார்கள். மாமியார் கொட்டாவி விடுகிற இடம் ஒன்று இருக்கிறது, அது வேறு. இல்லை, பார்த்திருக்கவே மாட்டார்கள். ஏமாந்துபோன கோபத்தில் தூக்கி எறிந்திருப்பார்கள். இரண்டில் எது தேவலை? மூக்கைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை, எறியாமல் இருந்தால் போதும்.

டவுன்ஹால். பட்டறைத் தெருக்களுக்குள் பஸ் போகாது, ஆனாலும் எனக்கு அந்தப் பட்டறைகளின் சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கும். அவர்களுக்கு சண்டையும் வேண்டாம் பாட்டும் வேண்டாம், பேச்சு நிறைய இருக்கிற படமாகக் கேட்பார்கள். கண்ணை வேலையிலிருந்து எடுக்க முடியாது, டிவி முதுகுக்குப் பின்னால் ஓடும், நகைச்சுவை வரும் இடத்தில் தலை நிமிராமலே தோள்கள் மட்டும் குலுங்கும். படத்தைப் பார்க்காமல் கேட்கிறவர்கள். அண்ணனும் என் கல்யாணத்தை அப்படித்தான் கேட்டான். முகூர்த்த நேரத்துக்கு அங்கே வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போன் போட்டிருக்கிறான், இங்கே பெரியப்பாவின் செல்போனை யாரோ வாங்கித் தாலி கட்டும் சத்தம் கேட்கட்டும் என்று பிடித்திருக்கிறார்கள். எனக்கு அது அப்புறமாகத்தான் தெரியும், தலை நிமிரக்கூடாது என்று அத்தை என் பிடரியில் ஒரு விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள், நான் பார்த்ததெல்லாம் அவருடைய கால் பெருவிரல் மட்டும்தான். சாயங்காலம் போனில், "கேட்டுச்சாண்ணா?" என்றேன். "எல்லாம் கேட்டுச்சு அம்மிணி, எல்லாம் கேட்டுச்சு" என்றான், வேகமாக இரண்டு தடவை, லைன் கட்டானது. எல்லாம் என்றால் எது என்று நான் அப்புறமும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? சமையல், கடை, பிள்ளை, சளி, காய்ச்சல். போனில் எப்போதும் நாம்தான் சொல்கிறோம், அங்கே இருக்கிறவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். ஆர்.எஸ்.புரத்தில் இரண்டு சேட்டம்மாக்கள் ஏறினார்கள், தேனு அவர்கள் வளையலைப் பிடித்து இழுத்தாள், நல்லவேளை சிரித்தார்கள். இவர்கள் வீட்டில் இந்திப் பாட்டுப் படம் ஓடும், கல்யாணம் இல்லாத படமே எடுத்துப் போக மாட்டார்கள் என்று ரெஜினா அக்கா சொல்வாள். அப்படியென்றால் என் கல்யாணம் இவர்களுக்குக் கிடைத்திருந்தால்கூடப் பார்த்திருப்பார்கள். கவலைக்கு நடுவில் எனக்கு எங்கேயிருந்துதான் இப்படி வருகிறதோ.

சாய்பாபா காலனியில் இறங்கிப் போனபோது, ரெஜினா அக்கா கடையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். "வாடி வாடி, உன் புருஷன் எங்க? சிங்காநல்லூர் கட்டிப் போட்டுடுச்சா?" என்றாள். தேனுவை வாங்கி மேஜைமேல் உட்கார வைத்தாள். நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அக்கா, தோணியில ஒரு தாடிக்காரரு உட்கார்ந்திருப்பாரே, அந்த மலையாளப் படம்." அக்கா கடலையை நிறுத்தினாள். "அதையா கேக்குற? அந்தப் படத்துல என்னதான்டி இருக்கு? வந்த அன்னைக்கு ஹாஸ்டல் புள்ளைங்க எடுத்துட்டுப் போனாளுங்க. திருப்பிக் குடுக்கவே மாட்டேங்கிறாளுங்க, இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்னு. ஆள் மாத்தி ஆள் வந்து சொல்லிட்டுப் போறாளுங்க. என் கடையில வேற எதுவும் இப்படி ஓடலை. இன்னும் ரெண்டு இருந்தா குடேன்." பையைக் கீழே வைத்தேன். "இன்னும் ரெண்டு கிடையாதுங்க்கா" என்றேன். "ஏன்?" "அது என்ர கண்ணாலம்." அக்கா என்னைப் பார்த்தாள், தேனுவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், கடலைத் தோல் பறக்கிறது, கண்ணில் தண்ணீர், மேஜையைத் தட்டுகிறாள், தேனுவும் எதற்கென்று தெரியாமல் கூடச் சேர்ந்து தட்டுகிறாள். "நாளைக்கு எங்கண்ணன் வருதுக்கா, அது பார்க்கோணும், அதுக்காகத்தான் வருது" என்று நான் சொன்னதும்தான் நிறுத்தினாள். சேலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடை ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டாள். "வா, நானே வர்றேன். பொம்பளைங்கன்னா உள்ள விடுவாங்க."

ஹாஸ்டல் பக்கத்துத் தெருவில்தான். கீழே ஒரு கூடம், துவைத்த வெள்ளைக் கோட்டுகள் வரிசையாகக் காய்கின்றன, சுவரோடு ஒரு டிவி. இரவு டியூட்டி முடிந்து தூங்கி எழுந்த பெண்கள் நாலைந்து பேர் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், தேங்காய் எண்ணெய் மணம். எங்கே எப்படி ஆரம்பிப்பது என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஒருத்தி எழுந்து நின்றுவிட்டாள், ஒல்லியாக, கண்ணாடி போட்டவள். என்னையே பார்த்தாள். "அய்யோ! கல்யாணப் பொண்ணு!" என்று ஒரு கத்தல். மாடியிலிருந்து தடதடவென்று இறங்குகிறார்கள். ஒருத்தி என் மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறாள், ஒருத்தி மூக்குத்தியை மாற்றிவிட்டீர்களா என்று கேட்கிறாள், ஒருத்தி தேனுவைத் தூக்கிக்கொண்டு, "இது படத்துல இல்லையே!" என்கிறாள். "அது அப்புறம் வந்த சீன்" என்றாள் ரெஜினா அக்கா. கண்ணாடிக்காரிக்கு ஷைனி என்று பெயர். அவள்தான் முதலில் எடுத்தவளாம். "அவார்டு படம்னு போட்டிருந்துச்சு சேச்சி. அவார்டு படம் இப்படித்தான் இருக்கும், ஒண்ணும் நடக்காது, எல்லாரும் சும்மா நடப்பாங்க, சாப்பிடுவாங்கன்னு அரை மணி நேரம் மூச்சு விடாம பார்த்தோம். தாடிக்காரர் எப்ப வருவார்னு காத்திருந்தோம். அப்புறம்தான் ஜெஸ்ஸி சொன்னா, எடீ, இது உண்மையான கல்யாணம்னு." "அப்பறம் திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே?" என்றாள் ரெஜினா அக்கா. "அதுக்குள்ள எங்களுக்கு எல்லாரையும் பிடிச்சுப்போச்சே. காலையில டியூட்டிக்குப் போறவ ராத்திரி பார்ப்பா, ராத்திரி போறவ மத்தியானம் பார்ப்பா. கொட்டாவி விடுற அம்மா வந்தா எல்லாரும் கொட்டாவி விடணும், அதுதான் இங்க ரூல்."

நான் பயந்ததெல்லாம் நடந்திருக்கிறது, என் மூக்கையும் மாமியார் கொட்டாவியையும் ஒரு ஹாஸ்டலே பார்த்திருக்கிறது, ஆனால் எனக்கு வெட்கம் வரவில்லை, என்னவோ விருந்துக்குப் போன இடத்தில் இன்னொரு தோசை வைக்கிற மாதிரி இருந்தது. சிடி மெஷினுக்குள்ளேதான் இருந்தது. எடுத்துக் கொடுங்கள் என்று கையை நீட்டினேன். "ஒரு இடம் மட்டும் சேச்சி, ஒரே ஒரு இடம். எங்களுக்குள்ள சண்டை. நீங்கதான் தீர்த்து வைக்கணும்" என்று ஷைனி பொத்தானை அமுக்கினாள். டிவியில் மேளம் உச்சத்துக்குப் போனது. நான் குனிந்திருக்கிறேன், அத்தை விரல் என் பிடரியில், அவர் தாலி கட்டுகிறார், எல்லாரும் அரிசியைத் தூவுகிறார்கள். நான் என்னைத்தான் பார்த்தேன். "அங்க இல்ல சேச்சி, இங்க" என்று ஷைனி திரையின் ஓரத்தைத் தொட்டாள். தூணுக்குப் பக்கத்தில் அம்மா. யாரோ இல்லை, அம்மா. இரண்டு கையாலும் ஒரு செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறாள், கற்பூரத் தட்டைப் பிடிக்கிற மாதிரி, அணைந்துவிடக்கூடாது என்கிற மாதிரி. அவள் கையில் அரிசி இல்லை. பக்கத்தில் யாரோ நீட்டுகிறார்கள், அவள் தலையை ஆட்டி மறுக்கிறாள். என்மேல் அரிசி போடவில்லை என் அம்மா, போட அவளுக்குக் கை இல்லை. தாலி கட்டி முடித்தபின் போனைக் கீழே இறக்கி, காதில் வைக்காமல், வாய்க்கு நேரே பிடித்து என்னவோ ஒன்று சொல்கிறாள். ஒரே வார்த்தை. மேளத்தில் கேட்கவில்லை. இத்தனை நாள் எங்கள் அலமாரியிலேயே இருந்தது இது.

"போன்ல அந்தப் பக்கம் யாரு?" என்றாள் ஜெஸ்ஸி. "நான் காதலன்னு சொன்னேன், ஷைனி ஒத்துக்கல, வர முடியாத கூடப் பிறந்தவங்க யாரோன்னு சொல்றா." "எங்கண்ணன்" என்றேன். மீதியை ரெஜினா அக்காதான் சொன்னாள், சவுதி, லீவு கிடைக்காதது, நாளைக்கு வருவது எல்லாம். ஒருத்தி டிவி சத்தத்தைக் குறைத்தாள். "நான் சொன்னேன்ல" என்று மட்டும் ஷைனி மெதுவாகச் சொன்னாள், ஜெயித்த குரல் இல்லை அது. சிடியை எடுத்தாள், பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர் நேராகத் துடைத்தாள், ஒரு கீறல் விழாத துடைப்பு. ஊதி, தாடிக்காரர் டப்பாவில் போட்டு மூடி, என் கையில் வைத்தாள். நாளைக்கு அண்ணன் பக்கத்தில் உட்காரும்போது நான் என்னைப் பார்க்கப் போவதில்லை, தூண் ஓரத்தைக் காட்டுவேன், இங்கே பாருண்ணா என்று. போனில் கேட்டதிலேயே அதை ஏற்கெனவே பார்த்த மாதிரி இருப்பானோ அவன். தேனு யாரோ கொடுத்த நேந்திரம் சிப்ஸைக் கையில் அடக்கிக்கொண்டு வர மாட்டேன் என்றாள், பிடுங்கித்தான் தூக்க வேண்டியிருந்தது. வாசல் வரைக்கும் வந்து நின்றார்கள். ஷைனி மட்டும் தெருவில் இறங்கி எங்களோடு நடந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத தூரம் வந்ததும் நின்றாள்.

"சேச்சி, அடுத்த மாசம் ஊர்ல என் தங்கச்சிக்குக் கல்யாணம். எனக்கு லீவு இல்லன்னு சொல்லிட்டாங்க. எங்க அம்மாவும் போனைத்தான் பிடிக்கப் போறா." கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். "நீங்க அண்ணன்கிட்ட கேளுங்க. மேளச் சத்தத்துல அம்மா சொன்னது கேட்டுச்சா, அன்னைக்கு அந்தப் போன்ல உண்மையிலேயே என்ன கேட்டுச்சுன்னு. சும்மா எல்லாம் கேட்டுச்சுன்னு சொன்னா விடாதீங்க. கேட்டு, அடுத்த வாரம் பை கொண்டு வரும்போது என்கிட்ட வந்து சொல்லுங்க சேச்சி, கேட்டோ?"